விண்டோஸ் 10 கணினியை விண்டோஸ் 11-க்கு மேம்படுத்துவது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதனால் அந்தக் கணினிகள் ஓடாமல் நின்றுவிடவில்லை. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் அவற்றுக்குத் தாமாக வருவதில்லை. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், குடும்பப் படங்கள் என எல்லாவற்றையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் இந்த நிலையை நீட்டிக்காமல் இருப்பது நல்லது.

தகுதியுள்ள கணினிக்கு இந்த மேம்பாடு இலவசம். புதிய உரிம எண் எதுவும் தேவையில்லை. கோப்புகளும் நிறுவிய மென்பொருள்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். மேம்படுத்தும் பொத்தானை அழுத்துவது சில நொடி வேலைதான். அதற்கு முன் செய்ய வேண்டிய ஆயத்தத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள் என்பதால், இந்த விளக்கத்தின் பெரும்பகுதி அதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

முதல் படி: கணினி தகுதியானதா என்று பாருங்கள்

விண்டோஸ் 11 நிறுவ 64 பிட் செயலி (ப்ராசசர்), குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பகம், யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் இயங்கும் மதர்போர்டு, நம்பகமான மென்பொருள் மட்டுமே துவங்க அனுமதிக்கும் செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். செயலியைப் பொறுத்தவரை, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும், ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தையவையும் ஏற்கப்படுகின்றன. இவை குறைந்தபட்ச அளவுகள் மட்டுமே. 4 ஜிபி நினைவகத்தில் விண்டோஸ் 11 ஓடும் என்றாலும், உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தவுடன் மூச்சு வாங்கும். 8 ஜிபி இருந்தால்தான் நிம்மதியாக வேலை செய்யலாம்.

இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கத் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் பிசி ஹெல்த் செக் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதிலுள்ள செக் நவ் பொத்தானை அழுத்தினால், கணினி தகுதி பெறுகிறதா, இல்லையென்றால் எந்த இடத்தில் தவறுகிறது என்பதை அதுவே தெரிவித்துவிடும். உங்களிடம் இருப்பது 32 பிட் விண்டோஸ் 10 என்றால், செயலி 64 பிட்டாகவே இருந்தாலும், இங்கே விவரிக்கப்படும் முறையில் மேம்படுத்த முடியாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை என்பதால் அதைப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

இரண்டாம் படி: டிபிஎம்மும் செக்யூர் பூட்டும்

சோதனையில் தவறும் கணினிகளில் கணிசமானவை உண்மையில் தகுதியுள்ளவைதான். வசதி உள்ளேயே இருக்கும், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். டிபிஎம் என்பது மறையாக்கச் சாவிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் பாதுகாப்புச் சில்லு. பல வீட்டுக் கணினிகளில் அது தனிச் சில்லாக இல்லாமல் செயலியோடு சேர்ந்தே வருகிறது. அதனால்தான் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பில் டிபிஎம் என்ற பெயரைத் தேடினால் சில சமயம் கிடைக்காது. இன்டெல் கணினிகளில் அது பிடிடி என்றும் ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்றும் எழுதப்பட்டிருக்கும்.

முதலில் ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். அங்கே யுஇஎஃப்ஐ என்று இருந்தால் வேலை எளிது. செட்டிங்ஸில் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ரெக்கவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் என்று சென்று கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். வரும் நீலத் திரையில் ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் ஆகியவற்றை வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் பயாஸ் திரை திறக்கும். டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் அங்கே இயக்கி, மாற்றங்களைச் சேமித்து வெளியே வாருங்கள். டிபிஎம்மை அழிக்கும் கிளியர் என்ற தெரிவும் அதே பக்கத்தில் இருக்கக்கூடும், அதைத் தொடாதீர்கள்.

பயாஸுக்குள் நுழைவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கின் மூலம் உள்நுழையும் பல மடிக்கணினிகளில், உரிமையாளருக்குத் தெரியாமலேயே வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்பை மாற்றியதும் அந்தக் கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். சாவி கையில் இல்லையென்றால் வட்டில் உள்ளவற்றைத் திறக்கவே முடியாது. ஆகவே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டு மறையாக்க வசதி) சாவிகள் என்ற பகுதிக்குச் சென்று, அங்கே எண் இருந்தால் அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்து வைப்பதில் எந்தப் பயனும் இல்லை.

பயாஸ் மோட் வரியில் லெகசி, அதாவது பழைய துவக்க முறை என்று இருந்தால் சற்று நிதானம் தேவை. விண்டோஸ் இருக்கும் வட்டு எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும் நிலையில், பயாஸை மட்டும் யுஇஎஃப்ஐக்கு மாற்றினால் விண்டோஸ் துவங்காது. மீண்டும் லெகசிக்கு மாற்றினால் பழையபடி வந்துவிடும் என்பதால் பதற வேண்டாம். வட்டைத் தரவு இழப்பின்றி, யுஇஎஃப்ஐக்குத் தேவையான ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. ஆனால் அது கட்டளை வரியில் இயங்குவது. முன்பின் பழக்கமில்லாதவர்கள் விவரம் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, அடுத்த படியில் சொல்லப்படும் காப்புப்பிரதியை எடுத்த பிறகே அதில் இறங்குவது நல்லது.

செயலியே மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலில் இல்லையென்றால் செய்வதற்கு அதிகமில்லை. சோதனையை ஏமாற்றி நிறுவும் தந்திரங்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அப்படி நிறுவிய கணினிக்கு எதிர்காலத் திருத்தங்கள் வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. பாதுகாப்புத் திருத்தங்களுக்காகத்தான் இத்தனை பாடும் என்றால், அந்த வழி நோக்கத்தையே கெடுத்துவிடுகிறது. விண்டோஸ் 10-க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும். அதற்குள் லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்துக்கு மாறுவதா, வேறு கணினி வாங்குவதா என்று யோசிக்கலாம்.

மூன்றாம் படி: காப்புப்பிரதி எடுங்கள்

மேம்படுத்தும்போது கோப்புகள் அழிவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நடுவில் மின்சாரம் போனாலோ, ஏற்கெனவே பழுதடைந்துவந்த வட்டு அந்த நேரம் பார்த்துக் கைவிட்டாலோ அந்த உறுதிமொழி உதவாது. வெளிப்புற வட்டு ஒன்றில் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய கோப்புறைகளை நகலெடுங்கள். பலர் மறப்பது இவற்றுக்கு வெளியே இருப்பவற்றை: உலாவியில் சேமித்த புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும், அவுட்லுக்கின் அஞ்சல் கோப்பு, கணக்கு மென்பொருள் தனக்கென ஒதுக்கிவைத்திருக்கும் தரவுக் கோப்புறை. கணக்கு மென்பொருளில் பேக்அப் என்ற வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கோப்புறையைக் கையால் நகலெடுப்பதைவிட அது நம்பகமானது.

ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்பு இருக்கிறதே என்று சிலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். அது ஒத்திசைவு மட்டுமே. கணினியில் ஒரு கோப்பை அழித்தால் மேகத்திலும் அது குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். நகலெடுத்து முடித்ததும் வெளிப்புற வட்டிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத வரை அதைக் காப்புப்பிரதி என்று நம்ப வேண்டாம். பிறகு அந்த வட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

நான்காம் படி: இடத்தைக் காலி செய்யுங்கள்

சி டிரைவில் 25 முதல் 30 ஜிபி வரை காலியாக இருந்தால் எந்தச் சிக்கலும் வராது. குறைவாக இருந்தால் டிஸ்க் கிளீனப் கருவியை இயக்குங்கள். வேறு நிறுவனத்தின் வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் தற்காலிகமாக நீக்கிவிடுங்கள். மேம்பாடு இடையில் அறுந்துபோவதற்கு அது ஒரு வழக்கமான காரணம். பென் டிரைவ், மெமரி கார்டு, பிரிண்டர் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, மடிக்கணினி என்றால் சார்ஜரை இணைத்து வையுங்கள்.

ஐந்தாம் படி: மேம்படுத்துங்கள்

செட்டிங்ஸில் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, விண்டோஸ் அப்டேட் என்று சென்று, விண்டோஸ் 10-க்கு நிலுவையில் உள்ள திருத்தங்களை முதலில் நிறுவி மறுதொடக்கம் செய்யுங்கள். அதன் பின் அதே பக்கத்தில் விண்டோஸ் 11 தயார் என்ற அறிவிப்பு தெரிந்தால், டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால் என்பதை அழுத்தினால் போதும். தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான். அறிவிப்பு தெரியவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11 இன்ஸ்டாலேஷன் அசிஸ்டன்டைப் பதிவிறக்கி இயக்கலாம்.

மூன்றாவது வழி, ஐஎஸ்ஓ என்ற முழு நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி, இருமுறை சொடுக்கித் திறந்து, அதிலுள்ள செட்அப்பை இயக்குவது. இதில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும் திரையில் தனிப்பட்ட கோப்புகள், மென்பொருள்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளும் தெரிவே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தெரிவு மங்கலாக இருந்தால், நீங்கள் பதிவிறக்கிய கோப்பின் மொழி உங்கள் விண்டோஸின் மொழியோடு பொருந்தவில்லை என்று சந்தேகிக்கலாம். அமெரிக்க ஆங்கிலமும் சர்வதேச ஆங்கிலமும் இங்கே வெவ்வேறு மொழிகளாகவே கணக்கிடப்படுகின்றன.

பதிவிறக்கம் நடக்கும்போது நீங்கள் வழக்கமான வேலைகளைத் தொடரலாம். மறுதொடக்கத்துக்குப் பிறகு கணினியைத் தொடாதீர்கள். திரை பலமுறை கறுப்பாகும், கணினி தானே சிலமுறை அணைந்து எழும், சதவீத எண் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கும். வட்டு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை வேலை நடக்கிறது என்று பொருள். எஸ்எஸ்டி உள்ள கணினியைவிடப் பழைய சுழல்வட்டு உள்ள கணினி பல மடங்கு நேரம் எடுக்கும்.

மேம்பாடு தோல்வியடைந்தால் கணினி பெரும்பாலும் தானாகவே விண்டோஸ் 10-க்குத் திரும்பி ஒரு பிழை எண்ணைக் காட்டும். அதில் 80070070 என்று இருந்தால் வட்டில் இடம் போதவில்லை. 1900101 என்று இருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) ஒத்துழைக்கவில்லை. கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவர்களைப் புதுப்பித்து மீண்டும் முயலுங்கள்.

ஆறாம் படி: முடிந்த பிறகு

உள்நுழைந்ததும் செட்டிங்ஸில் சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று சென்று உரிமம் செயலில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். விண்டோஸ் அப்டேட்டில் வரும் திருத்தங்களை நிறுவுங்கள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் எங்காவது தெரிந்தால் அந்தச் சாதனத்துக்கு டிரைவர் தேவை. பிறகு பிரிண்டர், கேமரா, மைக், வைஃபை என ஒவ்வொன்றையும் இயக்கிப் பாருங்கள். ஸ்டார்ட் பொத்தான் நடுவில் இருப்பது பிடிக்கவில்லையென்றால், பர்சனலைசேஷன், டாஸ்க்பார் பகுதியில் அதை இடப்பக்கம் கொண்டுவரலாம்.

இந்தச் சோதனைகளைத் தள்ளிப்போடாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. புதிய பதிப்பு ஒத்துவரவில்லை என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி பக்கத்தில் உள்ள கோ பேக் பொத்தான் உங்களை விண்டோஸ் 10-க்குத் திருப்பி அனுப்பும். ஆனால் அந்த வசதி 10 நாட்களுக்கு மட்டுமே உண்டு. திரும்பினால் உங்கள் கோப்புகள் இருக்கும். மேம்படுத்திய பின் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். இதற்குத் தேவையான பழைய விண்டோஸ், சி டிரைவில் விண்டோஸ் ஓல்டு என்ற கோப்புறையில் இருக்கிறது. அது பல ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து டிஸ்க் கிளீனப் மூலம் உடனே நீக்கிவிட்டால் திரும்பும் வழியும் அதோடு போய்விடும். 10 நாட்கள் கழிந்ததும் விண்டோஸே அதை அகற்றிவிடும்.