ஆய்வுக் கேள்வி கிடைத்த பிறகு

அமெரிக்காவில் அரசறிவியல் கலாநிதிப் படிப்புக்கு இலங்கையின் மலையக நகரான ஹட்டனிலிருந்து விண்ணப்பித்தபோது என்னை மறித்து நின்றது, எதை, ஏன் ஆராய விரும்புகிறேன் என்று எழுதும் நோக்கக் கூற்றுதான். மலையக அரசியல் என்று தொடங்கினால் எங்கே நிறுத்துவது? 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் சட்டத் திருத்தமும் எம்மவரான மலையகத் தமிழரில் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் மீண்டும் தேர்தலில் வென்றது 1977இல்தான். இடையில், வாக்கில்லாத மக்களுக்குத் தொழிற்சங்கம் எப்படிப் பிரதிநிதியாக நின்றது? இந்தக் கேள்வியை முதல் பத்தியில் வைத்தேன். அப்புறம் வழி திறந்தது. அரசறிவியலில் என் உட்பிரிவு, நாடுகளின் அரசியலை ஒப்பிட்டு ஆராயும் ஒப்பீட்டு அரசியல் என்று தெளிவானது. குடியுரிமை, தொழிலாளர் அமைப்பு பற்றி ஆராயும் பேராசிரியர்கள் உள்ள துறைகளையே தெரிவு செய்தேன். பரிந்துரைக் கடிதம் எழுதும் விரிவுரையாளர்களுக்கும் அதே பத்தியை அனுப்பினேன். விண்ணப்பக் கட்டண விலக்குத் தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு, தயங்காமல் கேளுங்கள். பல இடங்களில் முடிவுத் திகதி டிசம்பரில் வருகிறது.