தேயிலைச் சக்கையால் சாயத்தண்ணீரைத் தெளியவைத்தல்

கொழும்பில் எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் சக்கைக்குப் பஞ்சமில்லை. பால், சீனி படாத சக்கையாகப் பார்த்து 200 கிராம் வாங்குங்கள்.

1. கழுவுதல். அரைவாசி வேலை இதுதான். கொதிநீர் ஊற்றிக் கலக்கி வடியுங்கள். ஐந்தாறு தரம் போதுமென்று தோன்றும், காணாது. ஒரு பிடியை இரவு முழுக்கப் பச்சைத்தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் தண்ணீர் மஞ்சளித்திருந்தால் தேயிலையின் சொந்தச் சாயம் இன்னும் கிடக்கிறது. அப்படியே பாவித்தால் சாயத்தண்ணீரின் நீலம் போய் மண்ணிறம் வரும்.

2. காயவைத்தல். வெயிலில் இரண்டு நாள். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், ஓவனில் 80 பாகையில் வையுங்கள். பிறகு அரைத்து மாவரிக்கும் அரிதட்டில் அரியுங்கள். மேலே நிற்கும் ரவைதான் வேண்டும். மாவாய்ப் போனது அடியில் படியாமல் தண்ணீரைக் கலக்கும்.

3. சாயம். அலங்கார மீன் கடையில் மருந்தாக விற்கும் மெத்திலீன் நீலம். ஒரு லீற்றர் தண்ணீரில் துளித்துளியாக விடுங்கள். போத்தலுக்குப் பின்னால் பிடித்த பத்திரிகையின் தலைப்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தால் நிறுத்துங்கள். கையுறை அவசியம், நகக்கண்ணில் ஏறினால் லேசில் போகாது.

4. மூன்று போத்தல். முதலாவதில் சாயநீர் 500 மில்லிலீற்றர், சக்கை 2 கிராம். இரண்டாவதில் சாயநீர் மட்டும். மூன்றாவதில் வெறுந்தண்ணீரும் சக்கையும். ஐந்து நிமிடத்துக்கொரு தரம் குலுக்கி ஒரு மணி நேரம் விட்டு, படிந்ததும் மேல்நீரை மெதுவாக ஊற்றி ஒப்பிடுங்கள். பருத்தித் துணியில் வடிக்காதீர்கள். துணியே நீலத்தை உறிஞ்சும், பெயர் சக்கைக்குப் போகும்.

நிறம் குறையவில்லையா? தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பீ.எச். தாளில் பாருங்கள். 6 முதல் 8 வரை நல்லது. தேசிக்காய்ச் சாறு விட்டால் அமிலத்தின் ஹைட்ரஜன் அயன்கள் சக்கையின் இடங்களைப் பிடித்துக்கொள்ளும், நேரேற்றமுள்ள நீலத்துக்கு இடமிராது. ஒரு சிட்டிகை அப்பச்சோடா சரிசெய்யும்.

பருத்தி ஆலைகளின் ரியாக்டிவ் சாயங்கள் இதற்கு நேர்மாறு: எதிரேற்றம் கொண்டவை, பீ.எச். 2, 3 அளவில்தான் சக்கையில் நன்றாக ஒட்டும். நீலத்தில் கிடைத்த முடிவை அங்கே எதிர்பார்க்கக்கூடாது.

சக்கை ஈயம் போன்ற பார உலோகங்களையும் பிடிக்கும், ஆனால் அவற்றை வீட்டில் தொடவே வேண்டாம். ஆய்வுகூடத்தில், மேற்பார்வையோடு மட்டும். அங்கே பீ.எச். 5 அளவில் வையுங்கள். 6ஐத் தாண்டினால் ஈயம் ஹைட்ரொட்சைட்டாகத் தானே படியத் தொடங்கும், சக்கை பிடித்ததென்று ஏமாறுவோம்.

பாவித்த சக்கையைப் பூச்சாடியில் கொட்டாதீர்கள். பிடித்த சாயம் மழைநீரில் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பிக் கழன்றுவரும்.