எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்: பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்தில் என் வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 'எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன்' என்றால் மகா கஞ்சன் என்று எழுதிப்போட்டால் மனப்பாடம் செய்துவிடுவார்கள். காக்கைக்கும் கஞ்சத்தனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் முழிப்பார்கள். கரண்டியால் சாப்பிட்டே பழகிய பிள்ளைக்கு எச்சில் கை எப்படித் தெரியும்?

அதனால் முதலில் சாப்பாடு. தயிர்சோற்றைக் குழையப் பிசைந்து கையால் சாப்பிட வையுங்கள். பிரியாணி சரிவராது, விரலில் ஒட்டாது. பாதியில் மேசைமேல் பழைய நாளிதழை விரித்து, "காக்கா வந்துடுச்சு, விரட்டு!" என்று கையை வீசச் சொல்லுங்கள். தாளில் நாலைந்து பருக்கை விழும். அதுகூடக் காக்கைக்குப் போய்விடுமே என்று கையை அசைக்காதவன்தான் இவன் என்று அப்போது சொல்லுங்கள். சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். நிஜக் காக்கை வேண்டாம். இங்கே காகத்துக்கும் புறாவுக்கும் தீனி போடுவது சட்டப்படி குற்றம்.

உயர்நிலைப் பிள்ளை என்றால் 1077ஆம் குறளையும் காட்டுங்கள். 'ஈர்ங்கை விதிரார் கயவர்'. சாப்பிட்டுக் கழுவிய ஈரக்கையைக்கூட உதற மாட்டார்களாம். தாடையை உடைக்கக் கையை முறுக்கிக்கொண்டு வருபவனுக்குத்தான் கொடுப்பார்களாம். காக்கை அதில் இல்லை, ஆனால் கை அதே கைதான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்புறம் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "அம்மா ஏர்கான் போட விடமாட்டாங்க, அம்மா கஞ்சமா?" இங்கே அவசரப்படாதீர்கள். அம்மா மிச்சம் பிடிப்பதால் யாருக்காவது கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகிறதா என்று திருப்பிக் கேளுங்கள். இல்லை என்றால் அது சிக்கனம். தனக்கு எந்த நஷ்டமும் இல்லாததைக்கூட அடுத்தவருக்கு விடாதவன்தான் பழமொழியில் வருகிறவன். கஞ்சத்தனத்துக்குச் சீன நண்பர்கள் சொல்லும் 'கியாம் சியாப்' பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். அது ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழிச் சொல். கியாம் என்றால் உப்பு, சியாப் என்றால் துவர்ப்பு. அதையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள், பாடம் கலகலப்பாகிவிடும்.

கடைசியில் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். 'அவர் பணம் செலவழிக்க மாட்டார்' என்பதோடு நின்றால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கேட்டு வந்தவர் ஒருவர் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும்.