சேமிப்பு அதிகம், சம்பளம் குறைவு: இங்கிலாந்தில் ஷேர்ட் ஓனர்ஷிப் வீடு வாங்குவது எப்படி?

பல வருடம் சேர்த்த பணம், ஊரில் காணி விற்ற காசு, பெற்றோர் கொடுத்தது என்று கையில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் இருக்கும். சம்பளமோ வருடத்துக்கு 24,000தான். வங்கிகள் பொதுவாகச் சம்பளத்தைப் போல் சுமார் நாலரை மடங்குதான் கடன் தரும். இரண்டையும் சேர்த்தாலும் லண்டன் பக்கத்தில் ஒரு முழு வீட்டுக்குக் காணாது. இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. இதில் சொல்வது இங்கிலாந்து விதிகள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் திட்டங்கள் வேறு.

ஷேர்ட் ஓனர்ஷிப்பில் வீட்டின் ஒரு பங்கை நீங்கள் வாங்குகிறீர்கள். மீதிப் பங்கு பெரும்பாலும் ஒரு ஹவுசிங் அசோசியேஷனிடம் (கட்டுப்படியான விலையில் வீடு தரும் லாப நோக்கமற்ற அமைப்பு) இருக்கும், அதற்கு வாடகை கட்டுகிறீர்கள். புதிய லீஸ்களில் (நீண்டகாலக் குத்தகை ஒப்பந்தங்களில்) 10 முதல் 75 சதவீதம் வரை பங்கு வாங்கலாம். பழையவற்றில் 25 சதவீதத்தில்தான் தொடங்கும்.

படி 1: தகுதி இருக்கிறதா?

குடும்ப வருமானம் லண்டனில் வருடத்துக்கு 90,000 பவுண்டுக்குள்ளும், மற்ற இடங்களில் 80,000க்குள்ளும் இருக்க வேண்டும். உங்களுக்கு இது தடையாக இருக்காது. தடை அடுத்த விதியில்தான் வரும்: உங்கள் தேவைக்கு ஏற்ற வீட்டைத் திறந்த சந்தையில் வாங்க உங்களுக்கு வசதி இருக்கக் கூடாது. வருமானத்தோடு சேமிப்பையும் வைத்துத்தான் இதைப் பார்ப்பார்கள். உதாரணமாக, 1,30,000 பவுண்டு சேமிப்பும் 24,000 சம்பளமும் இருந்தால், கடனோடு சேர்த்து சுமார் 2,38,000 வரை உங்களால் திரட்ட முடியும். உங்களுக்குப் போதுமான பிளாட் அந்தப் பகுதியில் 2,20,000க்குக் கிடைக்கிறதென்றால், விண்ணப்பத்தை மறுக்கலாம். 3,00,000க்குக் கீழே எதுவும் இல்லையென்றால் வழி திறக்கும். அதனால் விண்ணப்பிக்கும் முன் அந்தப் பகுதி விலைகளை நீங்களே பார்த்துக் குறித்து வையுங்கள்.

இன்னொன்று, நம்மவர்கள் பலர் கவனிக்காதது. ஊரில் உங்கள் பெயரில் வீடு இருந்தால், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொதுவாக வேறு வீடு வைத்துக்கொண்டு இந்தத் திட்டத்தில் சேர முடியாது. முதல் வீடு வாங்குவோருக்கான ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரி) சலுகையும் உலகில் எங்குமே வீடு வைத்திருக்காதவர்களுக்குத்தான். யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ அப்பா வழியில் வந்த வீட்டில் உங்களுக்கு ஒரு பங்கு இருந்தால்கூட அந்தச் சலுகை போய்விடக்கூடும். இதைச் சொலிசிட்டரிடம் (வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வக்கீல்) மறைக்காமல் கேளுங்கள்.

படி 2: பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான காகிதம்

வீடு தேடும் முன்பே இதைத் தொடங்குங்கள். பெரிய சேமிப்பு என்றால் சொலிசிட்டர் கட்டாயம் துருவித் துருவிக் கேட்பார், பணமோசடித் தடுப்புச் சட்டம் அப்படி. வங்கிக் கணக்கு விவரங்கள், காணி விற்ற உறுதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு, பணம் அனுப்பிய ரசீது, அன்பளிப்பு என்றால் கொடுத்தவரின் கடிதமும் அவருடைய வங்கி விவரமும் வேண்டும். சீட்டு எடுத்த பணம் கைக்குக் கை வந்திருந்தால் விளக்குவது மிகவும் கஷ்டம். இனிமேலாவது சீட்டுப் பணத்தை வங்கி வழியாகவே கட்டி, வங்கி வழியாகவே வாங்குங்கள்.

படி 3: எவ்வளவு பங்கு?

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். 3,00,000 பவுண்டு பிளாட், 1,30,000 சேமிப்பு, 24,000 சம்பளம் என்று வைப்போம். வரியும் நேஷனல் இன்சூரன்சும் போய்க் கைக்கு மாதம் சுமார் 1,730 வரும். வாடகை பெரும்பாலும் மீதிப் பங்கின் மதிப்பில் வருடத்துக்கு 2.75 சதவீதத்தில் தொடங்கும். சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) மாதம் 150, மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) 5 சதவீத வட்டியில் 25 வருடம் என்று எடுத்துக்கொள்கிறேன். கீழே உள்ள மூன்று வழிகளிலும் 1,20,000 கையிலிருந்து போகிறது, 10,000 செலவுக்கு மிஞ்சுகிறது.

40 சதவீதம் (1,20,000): கடன் இல்லை. வாடகை சுமார் 412. சர்வீஸ் சார்ஜோடு மாதம் 562.

55 சதவீதம் (1,65,000): 45,000 கடனுக்குச் சுமார் 263, வாடகை 309. மொத்தம் 722.

75 சதவீதம் (2,25,000): 1,05,000 கடனுக்குச் சுமார் 614, வாடகை 172. மொத்தம் 936. கைக்கு வரும் சம்பளத்தில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும்.

பெரிய பங்கு வாங்கினால் மாதச் செலவு குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சொந்தப் பணத்தில் வாங்கினால் அது உண்மை. கடனில் வாங்கினால் தொடக்கத்தில் கூடத்தான் செய்யும், ஏனென்றால் கடன் வட்டி 2.75ஐ விட அதிகம். ஆனால் வாடகை வருடா வருடம் ஏறும். 2023 அக்டோபருக்குப் பின் வந்த லீஸ்களில் பொதுவாக சிபிஐ (நுகர்வோர் விலைக் குறியீடு) பணவீக்கத்தோடு 1 சதவீதம், அதற்கு முந்தியவற்றில் பெரும்பாலும் ஆர்பிஐயோடு (சில்லறை விலைக் குறியீடு) 0.5 சதவீதம். வருடத்துக்கு 3 சதவீதம் ஏறினால் இன்றைய 412 பத்து வருடத்தில் சுமார் 554 ஆகிவிடும். கடன் தவணை அப்படிப் பணவீக்கத்தோடு ஏறாது, ஒருநாள் முடிந்தும் போகும். வாடகை முடியாது.

என் கருத்தைக் கேட்டால், சம்பளம் குறைவாக இருப்பவர் முதலில் மாதச் செலவு தாங்குமா என்றுதான் பார்க்க வேண்டும். சேமிப்பு உங்களை வீட்டுக்குள் கொண்டுபோய் விடும். அங்கே தொடர்ந்து இருக்க வைப்பது சம்பளம். வாடகை பாக்கி விழுந்தால் நீங்கள் வாங்கிய பங்கோடு சேர்த்து வீடே கைவிட்டுப் போகும் ஆபத்து உண்டு. ஆறு மாதச் செலவுக்காவது பணத்தைத் தனியாக வையுங்கள்.

ஆனால் பங்கை நீங்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அசோசியேஷன் அனுப்பும் மோர்ட்கேஜ் ஆலோசகர் உங்கள் வரவுசெலவைப் பார்த்து, உங்களால் தாங்கக்கூடிய பெரிய பங்கைச் சொல்வார். சேமிப்பைப் பெருமளவு ஒதுக்கிவிட்டு 10 சதவீதம் மட்டும் வாங்குகிறேன் என்றால் சம்மதிப்பது கஷ்டம்.

படி 4: லைஃப்டைம் ஐசா வைத்திருப்பவர்கள் நில்லுங்கள்

வருடத்துக்கு 4,000 வரை போட்டால் அரசு 25 சதவீதம் சேர்க்கும் கணக்கு இது. ஷேர்ட் ஓனர்ஷிப்புக்கும் பயன்படும். ஆனால் வீட்டை மோர்ட்கேஜோடு வாங்கினால்தான். மேலே சொன்ன 40 சதவீத வழியில் முழுப் பணமும் கட்டி வாங்கினால் அபராதம் போட்டுத்தான் எடுக்க முடியும்: 5,000 இருந்தால் 1,250 பிடித்து 3,750 தருவார்கள், நீங்கள் போட்ட 4,000லேயே 250 போய்விடும். ஐசாவில் நல்ல தொகை இருந்தால் சிறிய மோர்ட்கேஜ் எடுப்பது லாபமா என்று ஆலோசகரிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

படி 5: தேடி, லீஸைப் படியுங்கள்

ஷேர் டு பை இணையதளத்தில் வீடுகள் இருக்கும், லண்டனுக்கு மேயரின் ஹோம்ஸ் ஃபார் லண்டனர்ஸ் பக்கமும் உண்டு. பிடித்த வீட்டுக்கு முக்கியத் தகவல் ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் பார்க்க வேண்டியவை: லீஸ் எத்தனை வருடம் (புதியவற்றில் 990), வாடகை எப்படி ஏறும், 100 சதவீதம் வரை வாங்க முடியுமா, பழுதுகளுக்கு யார் பொறுப்பு. புதிய லீஸில் முதல் பத்து வருடம் வெளிப்புற, கட்டமைப்புப் பழுதுகளை அசோசியேஷன் பார்க்கும். பழைய லீஸில் அது உங்கள் தலையில்.

சர்வீஸ் சார்ஜைத் தனியாக விசாரியுங்கள். உங்கள் பங்கு 40 சதவீதமாக இருந்தாலும் அந்தப் பிளாட்டுக்கான சர்வீஸ் சார்ஜ் முழுவதையும் நீங்களே கட்ட வேண்டும். இது நியாயமில்லை என்பதுதான் என் எண்ணம், ஆனால் நடைமுறை அதுதான். கடந்த மூன்று வருட பில்களைக் கேளுங்கள். மாடிக் கட்டடம் என்றால் தீப்பாதுகாப்பு வேலை ஏதும் பாக்கி உண்டா என்றும் கேளுங்கள்.

படி 6: வாங்கிய பிறகு

சம்பளம் குறைந்தாலோ வேலை போனாலோ யுனிவர்சல் கிரெடிட்டில் (குறைந்த வருமானக்காரருக்கான அரசு உதவித்தொகை) வாடகைப் பகுதிக்கு உதவி கிடைக்கலாம். 16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் கிடையாது, ஆனால் நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மதிப்பு அந்தக் கணக்கில் வராது. மோர்ட்கேஜ் வட்டிக்கோ அரசு உதவி கடனாகத்தான் கிடைக்கும்.

பணம் சேரச் சேரப் பங்கைக் கூட்டலாம், இதற்கு ஸ்டேர்கேசிங் என்று பெயர். புதிய லீஸில் முதல் 15 வருடம் வருடத்துக்கு 1 சதவீதம் வீதம் வாங்கலாம், அதற்குத் தனி மதிப்பீட்டுச் செலவில்லை. 5 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சர்வேயரை வைத்து அன்றைய சந்தை விலையை மதிப்பிட வேண்டும், கட்டணம் உங்களுடையது. அந்த மதிப்பீடு வழக்கமாக மூன்று மாதம்தான் செல்லும். அதனால் பணத்தையும் சொலிசிட்டரையும் தயாராக வைத்துக்கொண்டு, அப்புறம் சர்வேயரைக் கூப்பிடுங்கள்.