ஹோர்டிங்கில் கலை: எங்கே சறுக்குகிறார்கள்?

சாலையோரத்தில் 20 அடி அகல விளம்பரப் பலகை கிடைத்ததும் கலைஞர்களுக்குக் கை பரபரக்கும். நுணுக்கமான கோடுகள், நான்கு வரிக் கவிதை, ஓரத்தில் விளக்கக் குறிப்பு என்று எல்லாவற்றையும் ஏற்றிவிடுவார்கள். அந்தப் பலகையை 300 அடி தள்ளிப் பார்ப்பதும், விசிட்டிங் கார்டை நாலரை அடி தள்ளிப் பார்ப்பதும் ஒன்றுதான். 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் எட்டே விநாடியில் கடந்துவிடுவார். படத்தைக் கார்டு அளவில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, நாலரை அடி தள்ளி நின்று பாருங்கள். புரியாததை எடுத்துவிடுங்கள்.

சுருக்கினால் விளம்பரம் போல ஆகிவிடுமே என்பார்கள். 1992-இல் நியூயார்க்கில் 24 இடங்களில் பெலிக்ஸ் கொன்சாலெஸ் டோரஸ் என்ற கலைஞர் பலகைகளில் வைத்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கலைந்த படுக்கை, தலை பதிந்த குழியோடு இரண்டு தலையணைகள். ஒரு வார்த்தை கிடையாது. அவருடைய துணைவர் அதற்கு முந்தைய ஆண்டுதான் எய்ட்ஸில் இறந்திருந்தார். அது தெரியாதவருக்கும் அந்த வெறுமை புரியும். அதன் மூலையில் ஸ்பான்சர் லோகோவைப் போட்டிருந்தால் மெத்தை விளம்பரம் என்றே போயிருப்பார்கள்!

அடுத்தது, வாய்ப்பேச்சை நம்புவது. 1989-இல் கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண்ணியக் கலைஞர் குழுவிடம் ஓர் அமைப்பு ஒரு பலகைக்கு வடிவமைப்பு கேட்டது. நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகத்துக்குள் நுழையப் பெண்கள் நிர்வாணமாக இருக்க வேண்டுமா என்று கேட்டது அந்தப் படம். தெளிவாக இல்லை என்று அந்த அமைப்பு நிராகரித்தது. குழுவினர் அதைச் சொந்தச் செலவில் பேருந்துகளில் ஒட்டினார்கள். பேருந்து நிறுவனமும் பாதியில் ஒப்பந்தத்தை முறித்தது. ஆகவே யார், எப்போது, எந்தக் காரணத்துக்காகப் படத்தை இறக்கலாம், பணம் திரும்புமா என்பதை எழுதி வாங்குங்கள்.

நம் ஊரில் பலகைக்காரர் சரி என்றால் மட்டும் போதாது, உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2019-இல் பள்ளிக்கரணையில் அனுமதியில்லாத பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் இறந்தது நினைவிருக்கும்.

அப்புறம், காற்று போகட்டும் என்று கட்டுகிறவர்கள் பிளெக்ஸில் பிறை பிறையாகக் கிழித்துவிடுவது உண்டு. நீங்கள் வரைந்த முகத்தில் கண்ணுக்கு நடுவே கிழியலாம். கட்டும் நாளில் கீழே நின்று, எங்கே கிழிக்கலாம் என்று நீங்களே காட்டுங்கள்.