லேப்ராஸ்கோபி முடிந்து வீட்டுக்கு வந்தபின் வலியைச் சமாளிப்பது எப்படி?

கர்ப்பப்பையையோ சினைப்பைக் கட்டியையோ லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷனில், எடுத்துக்கொண்டவர்களில் பலரை முதல் இரண்டு மூன்று நாள் அதிகம் படுத்துவது தையல் அல்ல, தோள்பட்டை. வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடில் மிஞ்சியது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும். அந்தத் தசைக்குரிய நரம்பு கழுத்திலிருந்து வருவதால் வலி தோளில் தெரிகிறது. ஓமத் தண்ணீர் இதைத் தொடாது. இந்த வாயு இருப்பது குடலுக்கு வெளியே. சற்று நேரம் மட்டமாகப் படுங்கள், தோளில் வெந்நீர்ப் பை வையுங்கள், வீட்டுக்குள்ளேயே அடிக்கடி நடங்கள். தானாகக் கரைந்துவிடும்.

மாத்திரையை வலி வந்தபின் தேடாதீர்கள். முதல் மூன்று நாள் கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். வலி ஏறிவிட்டால் அதே மாத்திரை பாதிதான் கேட்கும். வழக்கமாக, பாரசிட்டமால் 650 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. கூடவே ஐபுப்ரோஃபென் 400 மி.கி. சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டாலோ டாக்டரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபென் வேண்டாம்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டாக்டர் சீட்டில் அசிக்ளோஃபினாக் (ஐபுப்ரோஃபென் வகை வலிமருந்து)–பாரசிட்டமால் கலந்த மாத்திரை இருந்தால், மேலே சொன்ன இரண்டையும் அதோடு சேர்க்கக் கூடாது. சளி மாத்திரையிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது. ஒல்லியானவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அளவு இன்னும் குறைவு.

டிரமடால் என்ற வீரியமான வலிமருந்து கொடுத்திருந்தால் மலச்சிக்கல் வரும். முக்கினால் வயிறு சுண்டி இழுக்கும். தண்ணீர், கீரை, பழம் போதாவிட்டால் மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

எழும்போது நேராக நிமிராதீர்கள். ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமலோ தும்மலோ வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்து அழுத்துங்கள். பாவாடை நாடா தையல்மேல் உரசும். இரண்டு வாரம் நைட்டியே நல்லது. தண்ணீர்க் குடத்தை எப்போது தூக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

குறைந்துவந்த வலி திடீரென ஏறினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தோள்வலியோடு மூச்சு வாங்கினால் 108-ஐ அழையுங்கள்.