கிளம்பும் முன் 15 நிமிடம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். முந்தைய மாத விற்பனை பில்களை ஜிஎஸ்டி துறைக்குக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் தாக்கலுக்கு மாதம் 11-ஆம் தேதி கடைசி. 10-ஆம் தேதி ராத்திரி வரை பில் கட்டோடு மல்லுக்கட்டுவேன். அந்த அவசரத்தில் ஒருமுறை, கோவைக்குப் போன சரக்கை அதே வாடிக்கையாளரின் கேரளப் பதிவில் ஏற்றிவிட்டேன். தமிழ்நாட்டுக்கான 33-இல் தொடங்க வேண்டிய ஜிஎஸ்டி எண், கேரளத்துக்கான 32-இல் தொடங்கி நின்றது. கோவைக்காரருக்கு வரி வரவு, அதாவது எங்களிடம் கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் தொகை, போய்ச் சேரவில்லை. அன்று அவர் குரலில் இருந்த வருத்தம் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் தினமும் வீட்டுக்குக் கிளம்பும் முன் 15 நிமிடம் ஒதுக்கினேன். அன்றைய பில் அன்றே ஏறும். ஸ்கேலை வைத்து, ஜிஎஸ்டி எண்ணில் முதலில் இரண்டு இலக்க மாநில எண், பிறகு மீதி 13 எழுத்தும் இலக்கமும் என்று விரலால் தொட்டுப் படிப்பேன். சந்தேகம் வந்தால் உடனே போன். இப்போது 5-ஆம் தேதியே ரிட்டர்ன் தயார். இரண்டாவது யூனிட் கணக்கையும் முதலாளி என்னிடமே கொடுத்திருக்கிறார்.